ஒரே வருமானம், வெவ்வேறு கடன் தொகை: வீட்டுக் கடன் வரம்பை வங்கிகள் கணக்கிடுவது எப்படி?

புதுதில்லி: ஒரே மாத ஊதியம் பெறும் ஒருவர், ஒரே வீட்டை வாங்குவதற்காக மூன்று நிறுவனங்களை அணுகினால், மூன்றும் மூன்று வேறு தொகைகளைக் கூறுவது இந்திய வீட்டுக் கடன் சந்தையில் வழக்கமான ஒன்றாகும். சில ஆயிரங்கள் மட்டுமல்ல, பல லட்சம் ரூபாய் வரை இந்த வேறுபாடு அமைவது உண்டு. முதலில் கேட்ட பெரிய தொகையை நம்பி வீட்டு உரிமையாளருக்கோ கட்டுமான நிறுவனத்துக்கோ முன்பணம் செலுத்திவிட்டு, பின்னர் குறைந்த தொகைக்கே ஒப்புதல் கிடைத்ததால் முன்பணத்தை இழக்கும் நிலைக்குத் தள்ளப்படுவோர் பலர்.

இந்த வேறுபாடு ஏன் ஏற்படுகிறது, அதில் எந்தப் பகுதி ரிசர்வ் வங்கியின் விதிகளால் தீர்மானிக்கப்படுகிறது, எந்தப் பகுதி ஒவ்வொரு நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது என்பதை விளக்குகிறது இந்தக் கட்டுரை.

இரண்டு கணக்குகள், ஒரு முடிவு

வீட்டுக் கடன் வழங்கும் எந்த நிறுவனமும் இரண்டு கணக்குகளைத் தனித்தனியே போட்டுப் பார்க்கிறது. முதலாவது, அடமானமாக வரும் வீட்டின் மதிப்பில் எத்தனை சதவீதம் வரை கடன் தரலாம் என்ற கணக்கு. இரண்டாவது, விண்ணப்பதாரரின் வருமானத்தைக் கொண்டு அவரால் மாதந்தோறும் எவ்வளவு தவணை செலுத்த முடியும் என்ற கணக்கு. இவ்விரண்டில் எது குறைவோ, அதுவே இறுதிக் கடன் தொகை.

முதல் கணக்குக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு விதித்துள்ளது. இரண்டாவது கணக்குக்கு அத்தகைய ஒரே சீரான வரம்பு எதுவும் இல்லை. குறு நிதிக் கடன்களில், ஒரு குடும்பத்தின் மொத்தக் கடன் தவணைகள் அதன் மாத வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என 2022-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி விதிமுறை வகுத்தது. வீட்டுக் கடனுக்கு இதுபோன்ற எண் வடிவிலான கட்டுப்பாடு இல்லை. ஒவ்வொரு நிறுவனத்தின் இயக்குநர் குழுவும் தனது கடன் கொள்கையில் இதனை வரையறுத்துக் கொள்கிறது. கடன் தொகைகள் வேறுபடுவதற்கு முதன்மையான காரணம் இதுவே.

சொத்து மதிப்பின் மீதான உச்சவரம்பு

வீட்டின் மதிப்புக்கும் கடன் தொகைக்கும் உள்ள விகிதத்துக்கு, தனிநபர் வீட்டுக் கடன்களில் ரிசர்வ் வங்கி விதித்துள்ள வரம்புகள் வருமாறு:

ரூ.30 லட்சம் வரையிலான கடன்: வீட்டின் மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம்.

ரூ.30 லட்சத்துக்கு மேல் ரூ.75 லட்சம் வரையிலான கடன்: அதிகபட்சம் 80 சதவீதம்.

ரூ.75 லட்சத்துக்கு மேற்பட்ட கடன்: அதிகபட்சம் 75 சதவீதம்.

இந்தப் படிநிலைகள் வீட்டின் விலையை அல்லாமல் கடன் தொகையை அடிப்படையாகக் கொண்டவை. அதனால், பலரும் கவனிக்கத் தவறும் ஒரு விளைவு ஏற்படுகிறது. ரூ.93.75 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு 80 சதவீதக் கணக்கில் ரூ.75 லட்சம் கடன் பெறலாம். ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ள வீட்டுக்கும் 75 சதவீதக் கணக்கில் அதே ரூ.75 லட்சம்தான் உச்சவரம்பு. அதாவது, வீட்டின் மதிப்பு ரூ.93.75 லட்சத்திலிருந்து ரூ.1 கோடிக்குள் எங்கு இருந்தாலும் கடன் வரம்பு உயர்வதில்லை. கூடுதல் விலை முழுவதையும் வாங்குபவரே தம் கையிலிருந்து செலுத்த வேண்டும். இதேபோல், ஏறத்தாழ ரூ.33.33 லட்சம் முதல் ரூ.37.5 லட்சம் வரை மதிப்புள்ள வீடுகளுக்குக் கடன் வரம்பு ரூ.30 லட்சத்திலேயே நின்றுவிடுகிறது.

முத்திரைத் தீர்வை, பத்திரப் பதிவுக் கட்டணம் போன்ற ஆவணச் செலவுகளை வீட்டின் மதிப்புடன் சேர்த்துக் கணக்கிட வங்கிகளுக்கு அனுமதி இல்லை. ரூ.10 லட்சத்துக்கு மிகாத விலையுள்ள வீடுகளுக்கு மட்டும் இதில் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. எனவே, நகரங்களில் வீடு வாங்கும் பெரும்பாலோர் இச்செலவுகளை முழுமையாகத் தங்கள் சேமிப்பிலிருந்தே ஈடுகட்ட வேண்டியுள்ளது.

உச்சவரம்பை எல்லோரும் எட்டாதது ஏன்?

மேற்கண்டவை அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அளவுகளே. அந்த அளவுக்குக் கடன் கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் எந்த நிறுவனத்துக்கும் இல்லை. 90 சதவீதம் வரை அனுமதி இருந்தும் 80 சதவீதத்துடன் நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்கள் உண்டு. இதற்குப் பின்னால் மூலதனக் கணக்கு உள்ளது.

வங்கி ஒவ்வொரு கடனுக்கும் குறிப்பிட்ட அளவு சொந்த மூலதனத்தை ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். கடனின் ஆபத்தைப் பொறுத்து அதற்கு ஒரு 'இடர் எடை' நிர்ணயிக்கப்படுகிறது. ரூ.30 லட்சம் வரையிலான வீட்டுக் கடன், வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்குள் இருந்தால் இடர் எடை 35 சதவீதம். 80 சதவீதத்தைத் தாண்டி 90 சதவீதம் வரை சென்றால் 50 சதவீதம். வங்கிகளுக்கான குறைந்தபட்ச மூலதன விகிதமான 9 சதவீதத்தை வைத்துப் பார்த்தால், ரூ.30 லட்சம் கடனுக்கு முதல் வகையில் ரூ.94,500 மூலதனம் போதும். இரண்டாம் வகையில் ரூ.1,35,000 தேவைப்படும். அதே தொகைக் கடன், ஆனால் முடங்கும் மூலதனம் ஏறத்தாழ 43 சதவீதம் அதிகம்.

மூலதனம் தாராளமாக உள்ள வங்கி இந்தக் கூடுதல் சுமையை ஏற்றுக்கொள்ளும். மூலதன நெருக்கடியில் உள்ள நிறுவனம் அதே விண்ணப்பதாரருக்குக் குறைந்த விகிதத்தையே முன்வைக்கும். இதில் விண்ணப்பதாரரின் தகுதிக்கும் கிடைக்கும் தொகைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதில்லை.

மதிப்பீட்டாளரின் கணக்கு

'வீட்டின் மதிப்பு' என்பது விற்பவரும் வாங்குபவரும் பேசி முடித்த விலை என்று கருதுவது தவறு. கடன் நிறுவனம் தனது பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளரை அனுப்பித் தனியே மதிப்பிடுகிறது. ஒப்பந்த விலை, மதிப்பீட்டாளரின் மதிப்பு ஆகிய இரண்டில் குறைவானதையே பெரும்பாலான நிறுவனங்கள் எடுத்துக்கொள்கின்றன.

மும்பையில் ரூ.60 லட்சத்துக்கு ஒப்பந்தமான ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். மதிப்பீட்டாளர் அதனை ரூ.54 லட்சம் என மதிப்பிட்டால், 80 சதவீதக் கணக்கில் கடன் வரம்பு ரூ.48 லட்சத்திலிருந்து ரூ.43.2 லட்சமாகக் குறைந்துவிடும். மீதமுள்ள ரூ.16.8 லட்சத்தை வாங்குபவர் திரட்ட வேண்டும். மும்பையில் ஆண் ஒருவர் பெயரில் பதிவு செய்ய முத்திரைத் தீர்வை 6 சதவீதம், அதாவது ரூ.3.6 லட்சம், பதிவுக் கட்டணம் ரூ.30,000. இவற்றையும் சேர்த்தால் கையிலிருந்து செலுத்த வேண்டிய தொகை ரூ.20.7 லட்சம் ஆகிறது. இடைத்தரகர் கட்டணம், உள் அலங்காரச் செலவு ஆகியவை இதற்குப் புறம்பானவை.

பழைய கட்டடங்களில் இந்த வேறுபாடு மேலும் அதிகரிக்கும். கட்டடத்தின் எஞ்சிய ஆயுட்காலம், கடன் முடியும் காலத்தைக் காட்டிலும் நீண்டதாக இருக்க வேண்டும் என்று நிறுவனங்கள் எதிர்பார்க்கின்றன. எத்தனை ஆண்டுகள் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும்.

பட்டா, பத்திரம், அனுமதி

சொத்தின் சட்ட நிலையும் கடன் தொகையைத் தீர்மானிக்கிறது. தவணை தவறினால், நீதிமன்றத்தை நாடாமலேயே அடமானச் சொத்தைக் கைப்பற்றி விற்க வங்கிகளுக்கு 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் அதிகாரம் அளிக்கிறது. அவ்வாறு விற்க இயலாத அல்லது விற்கச் சிக்கலான சொத்தின் மீது கடன் கொடுக்க நிறுவனங்கள் தயங்குகின்றன. விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்கு இச்சட்டம் பொருந்தாது என்பதால், முறைப்படி குடியிருப்பு மனையாக மாற்றப்படாத நிலத்தில் கட்டிய வீட்டுக்குக் கடன் பெறுவது கடினம்.

நாட்டின் பல நகரங்களில் இதற்கு உள்ளூர் வடிவங்கள் உள்ளன. பெங்களூருவில் 'பி-கத்தா' எனப்படும் பதிவேட்டில் இடம்பெற்ற சொத்துகள், தில்லியில் 'லால் டோரா' எனப்படும் பழைய கிராம எல்லைக்குள் அமைந்த வீடுகள், மும்பையில் 'பகடி' முறையில் கைமாறும் பழைய குடியிருப்புகள் ஆகியவை அத்தகையவை. இவற்றைப் பல வங்கிகள் ஏற்பதில்லை. ஏற்கும் சில நிதி நிறுவனங்களும் குறைந்த விகிதத்திலோ, கூடுதல் வட்டியிலோ கடன் தருகின்றன. ஒரு நிறுவனம் மறுத்ததை மற்றொரு நிறுவனம் ஏற்கிறது என்றால், அந்தச் சொத்தில் சிக்கல் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. அந்தச் சிக்கலுக்கு அந்நிறுவனம் ஒரு விலை வைத்துள்ளது என்பதே பொருள்.

வருமானக் கணக்கு: ஓர் எடுத்துக்காட்டு

இனி இரண்டாவது கணக்கு. விண்ணப்பதாரரின் மாத வருமானத்தில் எத்தனை சதவீதம் வரை கடன் தவணைகளுக்குச் செல்லலாம் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தானே வரையறுக்கிறது. 40 முதல் 60 சதவீதம் வரை என்பது பரவலாகக் காணப்படும் வரம்பு. குறைந்த வருமானம் உடையோருக்குக் குறைந்த சதவீதமும், அதிக வருமானம் உடையோருக்கு அதிக சதவீதமும் அனுமதிக்கப்படுவது வழக்கம். உணவு, கல்வி, மருத்துவம் போன்ற அடிப்படைச் செலவுகள் போக, உயர்ந்த வருமானத்தில் அதிகம் மிஞ்சும் என்பதே இதற்கான காரணம்.

33 வயதான ஒரு தனியார் நிறுவன ஊழியரைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மொத்த மாத ஊதியம் ரூ.95,000. பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது ரூ.80,000. கார் கடனுக்கு ஏற்கெனவே மாதம் ரூ.8,000 தவணை செலுத்துகிறார். இவரை மூன்று நிறுவனங்கள் எவ்வாறு பார்க்கக்கூடும்?

முதல் நிறுவனம், கைக்கு வரும் ஊதியத்தில் 50 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அது ரூ.40,000. கார் தவணை போக ரூ.32,000 மிஞ்சுகிறது. வட்டி 8.5 சதவீதம், காலம் 20 ஆண்டுகள் எனில், ஒரு லட்சம் ரூபாய் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ ரூ.868. ஆகவே கடன் தகுதி சுமார் ரூ.36.9 லட்சம்.

இரண்டாவது நிறுவனம், பிடித்தங்களுக்கு முந்தைய மொத்த ஊதியத்தில் 55 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அது ரூ.52,250. கார் தவணை போக ரூ.44,250. வட்டி சற்றுக் கூடுதலாக 9 சதவீதம். ஆனால் காலம் 25 ஆண்டுகள். கடன் தகுதி சுமார் ரூ.52.7 லட்சம்.

மூன்றாவது நிறுவனம், முதல் நிறுவனத்தைப் போலவே கணக்கிடுகிறது. ஆனால் எதிர்காலத்தில் வட்டி உயரலாம் என்பதைக் கருதி, 8.5 சதவீதத்துக்குப் பதிலாக 10.5 சதவீத வட்டியிலும் இவரால் தவணை செலுத்த முடியுமா என்று சோதிக்கிறது. கடன் தகுதி சுமார் ரூ.32 லட்சமாகக் குறைகிறது.

ஒரே மனிதர், ஒரே ஊதியம். விடைகள் ரூ.32 லட்சம், ரூ.36.9 லட்சம், ரூ.52.7 லட்சம். மூன்று கணக்குகளிலும் பிழை ஏதுமில்லை. எந்த வருமானத்தை எடுத்துக்கொள்வது, அதில் எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டுகள், எந்த வட்டியில் சோதிப்பது என்ற நான்கு முடிவுகள் மட்டுமே வேறுபட்டுள்ளன.

வட்டி உயர்வைக் கணக்கில் எடுத்துக்கொள்வது தொடர்பாக 2023 ஆகஸ்ட் 18 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. மாறும் வட்டியிலான தவணைக் கடன்களுக்கு ஒப்புதல் அளிக்கும்போதே, பின்னர் வட்டி உயர்ந்தால் தவணைத் தொகையையோ காலத்தையோ கூட்டுவதற்குப் போதிய இடைவெளி இருப்பதை உறுதி செய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. அந்த இடைவெளி எவ்வளவு என்பது எண்ணாகக் குறிப்பிடப்படவில்லை. எனவே அதிலும் நிறுவனங்கள் வேறுபடுகின்றன.

எது வருமானம்?

அடிப்படை ஊதியமும் நிலையான படிகளும் எல்லா நிறுவனங்களாலும் ஏற்கப்படுகின்றன. ஊக்கத்தொகை, கூடுதல் நேர ஊதியம், ஆண்டு போனஸ், வாடகை வருமானம் ஆகியவற்றில் கருத்து வேறுபாடு தொடங்குகிறது. சில நிறுவனங்கள் இவற்றை முற்றிலும் புறக்கணிக்கின்றன. சில, கடந்த ஓரிரு ஆண்டுகளின் சராசரியில் ஒரு பகுதியை மட்டும் சேர்த்துக்கொள்கின்றன. வாடகை வருமானம் வங்கிக் கணக்கு வழியாக வந்ததா, வாடகை ஒப்பந்தம் உள்ளதா என்பவையும் பார்க்கப்படுகின்றன.

சுயதொழில் செய்வோர் விஷயத்தில் வேறுபாடு மிகவும் அதிகம். பெரும்பாலான வங்கிகள் கடந்த இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்குகளையே அடிப்படையாகக் கொள்கின்றன. வரியைக் குறைப்பதற்காக வருமானத்தைக் குறைத்துக் காட்டிய வணிகருக்கு, அதே குறைந்த வருமானத்தின் அடிப்படையிலேயே கடன் தகுதி கணக்கிடப்படும். இயந்திரங்கள், வாகனங்கள் மீதான தேய்மானத்தைச் சில நிறுவனங்கள் லாபத்துடன் மீண்டும் கூட்டிப் பார்க்கின்றன. அது கையை விட்டுப் போகாத, கணக்கில் மட்டும் காட்டப்படும் செலவு என்பது இதற்குக் காரணம்.

வருமான வரிக் கணக்கு இல்லாத கடைக்காரர், பால் வியாபாரி, ஆட்டோ ஓட்டுநர் போன்றோருக்குச் சில வீட்டு வசதி நிதி நிறுவனங்கள் வேறு வழியைக் கையாள்கின்றன. அவற்றின் அலுவலர்கள் கடைக்கே நேரில் சென்று அன்றாட விற்பனை, சரக்கு இருப்பு, வங்கிக் கணக்கின் சராசரி இருப்பு ஆகியவற்றைப் பார்த்து வருமானத்தை மதிப்பிடுகின்றனர். இதற்கு ஆகும் செலவும் கூடுதல் ஆபத்தும் வட்டி விகிதத்தில் வந்து சேர்கின்றன.

வயதும் ஓய்வும்

கடன் காலம் நீளும்போது மாதத் தவணை குறைகிறது. அதே தவணைக்கு அதிகக் கடன் கிடைக்கிறது. மாதம் ரூ.32,000 செலுத்தக்கூடிய ஒருவருக்கு, 8.5 சதவீத வட்டியில் 15 ஆண்டுகளுக்குச் சுமார் ரூ.32.5 லட்சமும், 30 ஆண்டுகளுக்குச் சுமார் ரூ.41.6 லட்சமும் கிடைக்கும்.

45 வயதான ஊழியர் ஒருவர் 60 வயதில் ஓய்வு பெறுவார் எனில், ஓய்வுக்குள் கடன் முடிய வேண்டும் என்று கருதும் நிறுவனம் அவருக்கு 15 ஆண்டுகளையே தரும். ஓய்வூதியம் பெறும் அரசு ஊழியர்களுக்கு 70 வயது வரை காலம் அளிக்கும் நிறுவனத்தில் அவருக்கு 25 ஆண்டுகள் கிடைக்கலாம். அப்போது தகுதி சுமார் ரூ.39.7 லட்சமாக உயரும். வருமானம் உள்ள மனைவியையோ கணவரையோ மகனையோ மகளையோ இணை விண்ணப்பதாரராகச் சேர்ப்பதும் தகுதியை உயர்த்தும். எந்த உறவினரை ஏற்பது, அவர் வீட்டின் இணை உரிமையாளராகவும் இருக்க வேண்டுமா என்பவை நிறுவனத்தின் கொள்கையைப் பொறுத்தவை.

கடன் மதிப்பெண்ணின் பங்கு

டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இந்தியாவில் இயங்குகின்றன. 300 முதல் 900 வரையிலான மதிப்பெண்ணை இவை வழங்குகின்றன. கடன் பெறுவதற்கான குறைந்தபட்ச மதிப்பெண் எதையும் ரிசர்வ் வங்கி விதிக்கவில்லை. இதுவும் நிறுவனங்களின் முடிவே.

மதிப்பெண் இரண்டு வழிகளில் கடன் தொகையைப் பாதிக்கிறது. குறைந்த மதிப்பெண்ணுக்கு வட்டி உயர்கிறது. வட்டி உயர்ந்தால் அதே தவணைக்குக் கிடைக்கும் கடன் குறைகிறது. அடுத்ததாக, வீட்டின் மதிப்பில் தரப்படும் சதவீதத்தையே சில நிறுவனங்கள் குறைத்துவிடுகின்றன. கடன் அட்டை நிலுவை, நண்பரின் கடனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து ஆகியவையும் கடன் அறிக்கையில் தெரியவரும். ஜாமீன் பொறுப்பை விண்ணப்பதாரரின் சொந்தக் கடனாகவே கருதும் நிறுவனங்களும் உண்டு.

நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் நோக்கம்

கடன் கொடுப்போரின் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியம். வங்கிகளுக்குச் சேமிப்புக் கணக்குகள் வழியாகக் குறைந்த செலவில் பணம் கிடைக்கிறது. வீட்டு வசதி நிதி நிறுவனங்கள் பெரும்பாலும் வங்கிகளிடமும் கடன் பத்திரச் சந்தையிலும் தேசிய வீட்டு வசதி வங்கியிடமும் கடன் பெற்று, அதனையே கடனாகத் தருகின்றன. இந்நிறுவனங்களை முறைப்படுத்தும் பொறுப்பு 2019 ஆகஸ்டில் தேசிய வீட்டு வசதி வங்கியிடமிருந்து ரிசர்வ் வங்கிக்கு மாற்றப்பட்டது.

2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக் கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட வேண்டும். வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இக்கட்டாயம் இல்லை. அவை தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தைப் பயன்படுத்துகின்றன.

முன்னுரிமைத் துறைக் கடன் இலக்கும் வங்கிகளின் விருப்பத்தைத் திசைதிருப்புகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 50 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் ரூ.50 லட்சம் வரையிலும், 10 லட்சம் முதல் 50 லட்சத்துக்கு உட்பட்ட மக்கள்தொகை உள்ள இடங்களில் ரூ.45 லட்சம் வரையிலும், அதற்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள இடங்களில் ரூ.35 லட்சம் வரையிலும் தரப்படும் வீட்டுக் கடன்கள், வீட்டின் விலைக்கான வரம்புக்கு உட்பட்டு, இந்த இலக்கில் சேரும். இலக்கை எட்ட வேண்டிய வங்கி இவ்வரம்புக்குள் வரும் கடன்களை ஆர்வத்துடன் வழங்கக்கூடும்.

கூட்டுறவு வங்கிகளுக்கு ஒரு தனிநபருக்குத் தரும் வீட்டுக் கடன் தொகையிலேயே வரம்பு உண்டு. 2022 ஜூனில் இவ்வரம்பு உயர்த்தப்பட்டபோது, முதல் அடுக்கைச் சேர்ந்த நகர்ப்புறக் கூட்டுறவு வங்கிகளுக்கு ரூ.30 லட்சத்திலிருந்து ரூ.60 லட்சமாகவும், இரண்டாம் அடுக்கு வங்கிகளுக்கு ரூ.70 லட்சத்திலிருந்து ரூ.1.40 கோடியாகவும் ஆனது. இத்தகைய வங்கியில் விண்ணப்பதாரரின் வருமானம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் இந்த எல்லையைத் தாண்ட இயலாது.

அதிகம் தருபவரே சிறந்தவரா?

மேலே கண்ட எடுத்துக்காட்டுக்கு மீண்டும் வருவோம். இரண்டாவது நிறுவனம் கூறிய ரூ.52.7 லட்சத்தை, அதற்கேற்ற விலையுள்ள வீட்டைத் தேர்ந்தெடுத்து, அந்த ஊழியர் முழுமையாகப் பெறுகிறார் என்று கொள்வோம். வீட்டுக் கடன் தவணை ரூ.44,250, கார் தவணை ரூ.8,000; மொத்தம் ரூ.52,250. நிறுவனத்தின் கணக்கில் இது மொத்த ஊதியத்தில் 55 சதவீதம். ஆனால் கைக்கு வரும் ரூ.80,000-இல் இது 65 சதவீதத்துக்கும் மேல். வீட்டுச் செலவு, பள்ளிக் கட்டணம், மருத்துவம், பராமரிப்புக் கட்டணம் ஆகிய அனைத்துக்கும் எஞ்சுவது ரூ.27,750 மட்டுமே.

வட்டி உயர்ந்தால் நிலைமை மேலும் மோசமாகும். 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரையிலான காலத்தில் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்ந்தது. அதே அளவான 2.5 சதவீதப் புள்ளி உயர்வு கடனின் தொடக்கத்திலேயே ஏற்பட்டால், காலத்தை நீட்டிக்காத நிலையில் மேற்கண்ட தவணை ரூ.44,250-இலிருந்து சுமார் ரூ.53,600 ஆகும். கார் தவணையையும் சேர்த்தால் கைக்கு வரும் ஊதியத்தில் 77 சதவீதம் கடனுக்கே சென்றுவிடும்.

மொத்த வட்டியிலும் வேறுபாடு பெரிது. வட்டி விகிதம் மாறாது என்று கொண்டால், முதல் நிறுவனத்தின் ரூ.36.9 லட்சம் கடனுக்கு 20 ஆண்டுகளில் செலுத்தும் வட்டி சுமார் ரூ.40 லட்சம். இரண்டாவது நிறுவனத்தின் ரூ.52.7 லட்சம் கடனுக்கு 25 ஆண்டுகளில் செலுத்தும் வட்டி சுமார் ரூ.80 லட்சம். கடன் தொகை ஒன்றரை மடங்குக்கும் குறைவாகவே கூடியிருக்க, வட்டி இரு மடங்காகிறது.

கடன் நிறுவனம் கணக்கிடும் 'தகுதி' என்பது, அந்நிறுவனம் ஏற்கத் தயாராக உள்ள ஆபத்தின் அளவு. தவணை நின்றுபோனாலும் வீட்டை விற்றுப் பணத்தை மீட்க அதற்கு வழி உண்டு. வாங்குபவருக்கு அந்த வழி இல்லை. அவர் இழப்பது குடியிருக்கும் வீட்டையும் அதில் போட்ட சேமிப்பையும் ஆகும். எனவே, தம்மால் தாங்கக்கூடிய தவணையை வாங்குபவர் தாமே முதலில் கணக்கிட்டுக்கொள்வது அவசியமாகிறது.

விண்ணப்பிக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கடன் அறிக்கை: நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழுமையான அறிக்கையை இலவசமாக வழங்க வேண்டும். வீடு தேடத் தொடங்கும் முன்பே அதனைப் பெற்று, தீர்ந்துபோன கடன் நிலுவையாகக் காட்டப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். பிழை குறித்த புகார் 30 நாள்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு வழங்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது.

முன் ஒப்புதலின் எல்லை: 'முன் ஒப்புதல்' என்று கூறப்படும் தொகை பெரும்பாலும் வருமானக் கணக்கை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. சொத்தின் மதிப்பீடும் சட்ட ஆய்வும் முடிந்த பின்னரே இறுதித் தொகை தெரியவரும். எனவே, கடன் கிடைக்காவிட்டால் அல்லது குறிப்பிட்ட தொகைக்குக் குறைந்தால் முன்பணம் திருப்பித் தரப்படும் என்ற நிபந்தனையை விற்பனை ஒப்பந்தத்தில் எழுத்து வடிவில் சேர்ப்பது பாதுகாப்பானது.

கேட்க வேண்டிய கேள்விகள்: கணக்கில் எடுத்துக்கொண்டது மொத்த ஊதியமா, கைக்கு வரும் ஊதியமா? எத்தனை சதவீதம்? எத்தனை ஆண்டுகள்? வீட்டின் மதிப்பு எவ்வளவு என மதிப்பிடப்பட்டது? காப்பீட்டுத் தவணை கடன் தொகையில் சேர்க்கப்பட்டுள்ளதா? இந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இருந்தால்தான் இரு நிறுவனங்களின் தொகைகளை ஒப்பிட முடியும்.

முக்கிய விவர அறிக்கை: 2024 அக்டோபர் 1 முதல், வட்டி, கட்டணங்கள் அனைத்தையும் உள்ளடக்கிய ஆண்டு மொத்தச் செலவு விகிதத்தைக் குறிப்பிடும் முக்கிய விவர அறிக்கையை, கடன் ஒப்பந்தத்துக்கு முன்பே அனைத்துச் சில்லறைக் கடன்களுக்கும் வழங்குவது கட்டாயமாக்கப்பட்டுள்ளது. இது வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும்.

மறுப்புக்கான காரணம்: விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், அதற்கான முக்கியக் காரணங்களை எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டியது வங்கிகளின் கடமை. கடன் கொடுப்பதா, எவ்வளவு கொடுப்பது என்பது நிறுவனத்தின் வணிக முடிவு என்பதால், அந்த முடிவை எதிர்த்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிட இயலாது. ஆனால் காரணம் தெரிந்தால், அதனைச் சரிசெய்து மற்றொரு நிறுவனத்தை அணுகலாம்.

குறைந்த தொகையே கிடைத்தாலும் அது நிரந்தரமான எல்லை அன்று. ரூ.8,000 கார் கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டால், மேற்கண்ட முதல் நிறுவனத்தின் கணக்கிலேயே அந்த ஊழியரின் தகுதி ரூ.36.9 லட்சத்திலிருந்து சுமார் ரூ.46 லட்சமாக உயர்ந்துவிடும். மாறும் வட்டியிலான தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைப்பதற்கு அபராதம் வசூலிக்க வங்கிகளுக்கும் வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கும் அனுமதி இல்லை என்பதால், வருமானம் உயரும்போது கடனை விரைவாகக் குறைக்கவும், நிபந்தனைகள் பாதகமாக இருந்தால் வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழி உள்ளது.